காளைக் கன்றுக்கு எவ்வளவு பால்?

தோட்டத்து லயங்களில் ஒரு மாடு கன்று போட்டால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "என்ன கன்னு?" என்பதுதான். கிடாரி என்று சொன்னால் முகம் மலரும். ரெண்டரை, மூணு வருஷத்தில் அதுவும் கறவை மாடாகிவிடும், வீட்டுக்கு இன்னொரு வருமானம். காளை என்று சொன்னால் "சரி, மாடு நல்லா இருக்கா?" என்று பேச்சு தாய்ப் பக்கம் திரும்பிவிடும். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்ததால் இந்த ரெண்டு பதிலையும் நான் நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். கிடாரிக்குப் பேர் வைப்போம். காளைக்குப் பெரும்பாலும் பேர் இருக்காது. "அந்தக் கன்னு" என்றே சொல்லிச் சொல்லி, ஒருநாள் அது பட்டியில் இருக்காது.

அது எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் சொல்வது வேறு. "வளக்க கொண்டு போறாங்க" என்பார்கள். இந்தக் கட்டுரை அந்தக் காளைக் கன்றைப் பற்றியது. இறைச்சிக்குப் போகிற ஒரு கன்றை ஒழுங்காக வளர்ப்பது என்றால் என்ன, அதை ஏன் நாம் செய்வதில்லை, செய்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மாடு ஏன் லயத்துக்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேயிலைச் சம்பளம் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் இல்லை. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனபோதும், 2024 இல் 1,350 ரூபா ஆனபோதும் அந்த நிலைமை மாறவில்லை. கொழுந்து குறைந்த மாசங்களில் பேர் விழும் நாட்களும் குறையும். பால் காசு அப்படி இல்லை. ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு இருந்தால் தினமும் காலையில் பால் ஊற்றலாம், மாசத்தில் ஒரு தொகை கைக்கு வரும். பிள்ளைகளுடைய ட்யூஷன் காசு, கடைக் கடன், சீட்டுக் காசு எல்லாம் அதிலிருந்துதான் போகும். சாணிக்கும் விலை உண்டு. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் மூட்டைக் கணக்கில் வாங்குவார்கள்.

இந்த வருமானத்துக்குப் பின்னால் இருக்கிற உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. எங்க பெரியம்மா ரெண்டு மாடு வைத்திருந்தார். விடிய நாலரைக்கு எழும்பிப் பால் கறந்து, பட்டி கூட்டி, பெரட்டுக்குப் போய், மலையில் எட்டு மணித்தியாலம் நின்று, திரும்பி வரும்போது தலையில் ஒரு கட்டுப் புல்லோடுதான் வருவார். வளர்ந்த மாடு ஒன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். 350 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு 35 கிலோ. ரெண்டு மாடு என்றால் 70 கிலோ. அதைத் தலையில் சுமந்து, சரிவில் இறங்கி வர வேண்டும். இதுக்குள்ளே ஒரு காளைக் கன்றுக்கும் சேர்த்துப் புல் வெட்டு என்று யாராவது சொன்னால் பெரியம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் காளைக் கன்றை யாரும் வேணுமென்று பட்டினி போடுவதில்லை. கணக்கு அப்படி விழுகிறது. பால் விற்கிற பொருள். கன்று குடிக்கிற ஒவ்வொரு லீட்டரும் விற்காத லீட்டர். கிடாரிக்குக் கொடுக்கிற பால் பிற்காலத்துக்குப் போடுகிற முதல். காளைக்குக் கொடுக்கிற பால் அப்படித் திரும்பி வராது என்று எல்லாரும் நம்புகிறோம். ஆனபடியால் அதுக்குக் கடைசியில் ஒரு காம்பில் மிஞ்சுவதுதான். நாலைந்து மாசத்தில் அது முடி சிலுப்பி, வயிறு மட்டும் தொங்கி, முதுகெலும்பு தெரிய நிற்கும். அந்த நிலையில் ஒருத்தர் வந்து பார்ப்பார். தராசு கிடையாது. கண்ணால் ஒரு பார்வை, கையால் முதுகில் ஒரு அழுத்து, அவ்வளவுதான். வாங்க வருகிறவர்கள் தமிழராக இருந்தாலும் சிங்களவராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் வியாபாரத்தில் அதுக்கு ஒரே பேர்தான்: நாம்பன், இல்லாவிட்டால் நாம்பா.

"நாம்பன் தேறாது அண்ணே, எலும்புதான் இருக்கு."

"பால் குடிக்கிற கன்னு தம்பி, கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

"நீங்கதான் பால் குடுக்கலையே."

எங்க லயத்தில் நடந்த பேரம் இது. விற்றவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் வியாபாரி சொன்னது உண்மை.

சரி, உலகத்தில் இறைச்சிக்கென்றே கன்று வளர்க்கிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவிலும் கனடாவிலும் இது மூணு கட்டமாகப் பிரிந்த தொழில். முதலாவது கட்டத்தில் தாயும் கன்றும் மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக இருக்கும். அந்த மாட்டை யாரும் கறப்பதில்லை, பால் முழுக்கக் கன்றுக்குத்தான். ஆறிலிருந்து எட்டு மாசம் வரைக்கும் அப்படியே விட்டு, பிறகு தாயிடமிருந்து பிரிப்பார்கள். கன்றுகளை ஒப்பிட 205 நாள் எடை என்று ஒரு பொதுக் கணக்கே வைத்திருக்கிறார்கள். ரெண்டாவது கட்டத்தில் பிரித்த கன்றைப் புல்லும் கொஞ்சம் தீவனமும் கொடுத்துத் தேற்றுவார்கள். மூணாவது கட்டம்தான் பீட்லொட் என்று சொல்லப்படுகிற கொழுக்க வைக்கும் பட்டி. அங்கே சோளம் மாதிரியான தானியத்தைக் கொடுத்து நாலு, ஆறு மாசத்தில் 600 கிலோ வரைக்கும் கொண்டு வருவார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ரெண்டாவது கட்டம். தாயிடமிருந்து பிரிந்த கன்றை அன்றைக்கே லொறியில் ஏற்றினால் அது நோயில் விழும் என்பதைப் பண்ணைக்காரர்கள் நிறையக் கன்றுகளைச் சாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். பால் நின்ற ஏக்கம், பயணக் களைப்பு, புது இடம், புதுத் தீவனம், முன்பின் பார்க்காத மாடுகள், எல்லாம் ஒரே நாளில் வந்தால் உடம்பு எதிர்த்து நிற்காது. நுரையீரலில் கிருமி பிடிக்கும். அதுக்குப் பயணக் காய்ச்சல் என்றே பேர். ஆகவே விற்பதற்குக் குறைந்தது 45 நாளைக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்து, தடுப்பூசி போட்டு, புழு மருந்து கொடுத்து, காயடித்த புண் ஆற விட்டு, தொட்டியில் தின்னவும் குடிக்கவும் பழக்கிய பிறகுதான் நல்ல பண்ணைக்காரர் கன்றை அனுப்புவார். அப்படித் தயார் செய்த கன்றுக்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைக்கிறது. வாங்குகிறவர் எடைக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை, செத்துப்போகாது என்கிற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

பசறையிலோ லுணுகலையிலோ பீட்லொட் போடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகளைப் புல்லே இல்லாத மண்ணில் அடைத்துத் தானியம் கொடுக்கிற அந்த முறைக்கு அதற்கே உரிய கொடுமைகள் இருக்கு. அவ்வளவு சோளமும் நிலமும் நமக்கு இல்லை. இலங்கையில் மாட்டிறைச்சி என்பதே பாலுக்கும் உழவுக்கும் வைத்திருந்த மாடுகளிலிருந்து வருகிற உப பொருள்தான். பால் தொழில் இருக்கிற எல்லா நாட்டிலும் காளைக் கன்று ஒரு தலைவலி. நியூசிலாந்தில் அதை பொபி கன்று என்பார்கள். நிறையக் கன்றுகள் பிறந்து ஒரு வாரத்துக்குள்ளேயே வெட்டுக்குப் போய்விடும். நம்ம வீட்டு பால்மா பக்கற்றில் "நியூசிலாந்து" என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆக, லயத்துக்காரர்கள் மட்டும் இரக்கமில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரெண்டாவது கட்டத்தில் இருக்கிற அறிவு நமக்கு உதவும். அதுக்குப் பெரிய பண்ணை தேவையில்லை.

எங்க சித்தப்பா இதை ரெண்டு கன்றுகளில் செய்து பார்த்தார். அவர் ஒன்றும் படித்துவிட்டு வந்து செய்யவில்லை. கால்நடை அலுவலகத்திலிருந்து சினை ஊசி போட வருகிறவரோடு பேசிப் பேசிக் கேட்டுக்கொண்டதுதான். அவர் செய்ததையும், நான் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் நாள் சீம்பால். கன்று வயிற்றிலிருந்து வரும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. தாயிடமிருந்து அது வருவது சீம்பால் வழியாக மட்டும்தான். பிறந்த சில மணித்தியாலம் வரைக்கும்தான் குடல் அதை முழுசாக உள்ளே எடுக்கும், ஒரு நாள் போனால் கதவு அடைபட்ட மாதிரி. 25 கிலோக் கன்றுக்கு அந்த முதல் நாளில் ரெண்டரை லீட்டர் போக வேண்டும், அதில் பாதியாவது முதல் ரெண்டு மூணு மணித்தியாலத்தில். நம்ம பக்கம் நஞ்சு விழும் வரைக்கும் பால் கொடுக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் சில வீடுகளில் இருக்கு. மாடு ராத்திரி கன்று போட்டு விடிய நஞ்சு விழுந்தால் அந்தக் கன்றின் ஆயுசில் பாதி அங்கேயே போய்விடுகிறது. சீம்பாலை விற்கவும் முடியாது, சேகரிப்பு நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அப்போ அதைக் காளைக்குக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. தொப்புள் கொடியில் அயடின் தடவுவதும் அதே மாதிரி, சில ரூபா வேலை.

அடுத்தது பால் கணக்கு. இதுதான் விஷயத்தின் மையம். கன்று ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் குடிக்க வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு ரெண்டரை லீட்டர், எட்டு வாரத்துக்கு 140 லீட்டர். கேட்ட உடனே "அம்மாடி" என்றிருக்கும். லீட்டர் 150 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. எந்த வீட்டில் கொடுப்பார்கள்? சித்தி முதல் நாளே அதைத்தான் கேட்டார். சித்தப்பா திருப்பிக் கேட்டார்: "இப்ப குடிக்கிறது எவ்வளவு?" வழக்கமாக வளர்கிற காளைக் கன்று காம்பில் மிஞ்சுகிற பாலை, முக்கால் லீட்டர் என்று வையுங்களேன், விற்கிற வரைக்கும் தினமும் குடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆறு மாசம், அதாவது 180 நாள் என்றால் 135 லீட்டர். கிட்டத்தட்ட அதே பால்! அதை ஆறு மாசத்துக்கு இழுத்துக் கொடுத்தால் கன்று சாகாமல் கிடக்கும். எட்டு வாரத்தில் கொடுத்து நிறுத்தினால் வளரும்.

ஆனால் எட்டு வாரத்தில் பால் நிறுத்த வேண்டுமென்றால் அதுக்குள்ளே கன்றின் வயிறு தயாராக வேண்டும். மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பிறந்த கன்றில் நாலும் இருக்கும், வேலை செய்வது ஒன்றுதான். உறிஞ்சிக் குடிக்கும் பால் முதல் வயிற்றுக்குள் போகாமல் ஒரு வாய்க்கால் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். புல்லைச் செரிக்கிற பெரிய வயிறு சும்மா சுருங்கிய பை மாதிரிக் கிடக்கும். அது வளர்வதற்குத் தானியத் தீவனமும் தண்ணீரும் வேணும். பால் குடிக்கிற கன்றுக்கு எதுக்குத் தண்ணீர் என்று நாம் வைப்பதே இல்லை, ஆனால் அந்தப் பெரிய வயிற்றுக்குள் போவது தண்ணீர்தான். முதல் வாரம் முடியும்போதே ஒரு கைப்பிடி தீவனத்தை, தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் கலந்ததை, பால் குடித்து முடித்த உடனே வாயில் தடவிப் பழக்க வேண்டும். தினமும் முக்கால் கிலோ அளவு மூணு நாள் தொடர்ந்து தின்றால் பாலை நிறுத்தலாம் என்று கணக்கு. இளம் புல் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ரெண்டு மாசத்துக் கன்று வெறும் முற்றிய புல்லில் வளராது. வயிறு தொங்கின கன்றுகளின் கதை அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கன்று முட்டாமல் மாடு பால் விடாது. ஜெர்சிக் கலப்பில் நாட்டு இரத்தம் கூட இருந்தால் இன்னும் மோசம். சித்தப்பா பால் நிறுத்திய பிறகும் கன்றைக் கொண்டு வந்து தாயின் முன்னால் கட்டுவார், அது நக்கிக்கொண்டு நிற்கும், பால் இறங்கிவிடும். எல்லா மாடும் இதுக்கு ஒத்துவராது. அவருடைய மாடு ஒத்துவந்தது.

புழு மருந்து மூணாவது வாரத்திலேயே தேவைப்படும். கன்றுகளுக்கு வருகிற ஒரு வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே போகும், ஆகவே சுத்தமாக வைத்திருந்தாலும் தப்பாது. மருந்தின் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். காயடிப்பது பற்றி ரெண்டு கருத்து உண்டு. காயடிக்காத காளை கொஞ்சம் வேகமாக எடை போடும். ஆனால் ஒரு வருஷம் தாண்டினால் லயத்துப் பட்டியில் அதை வைத்திருப்பது ஆபத்து, கயிறை அறுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மாட்டிடம் போகும், சண்டை வரும். சின்ன வயசிலேயே வைத்தியரைக் கொண்டு இடுக்கியால் நசுக்கிக் காயடித்தால் இரத்தமும் வராது, பிறகு அமைதியாகவும் வளரும். சித்தப்பா அதைத்தான் செய்தார்.

கடைசியாக விற்கிற நேரம். மலையில் பிறந்த கன்றுக்கு உண்ணிக் காய்ச்சல் அதிகம் பழக்கமில்லை. பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கினால் சில மணித்தியாலத்தில் குளிரிலிருந்து வறண்ட வெக்கைக்குப் போய்விடும், அங்கே உண்ணி நிறைய. காலையில் காம்பிலிருந்து பிரித்து மத்தியானம் லொறியில் ஏற்றிய மெலிந்த கன்று அங்கே உயிரோடு நின்றால் அதிசயம். வியாபாரி விலையை அடிப்பதில் அந்தச் சாவுக் கணக்கும் இருக்கு. தானாகத் தின்று, புழு இல்லாமல், பால் மறந்து ரெண்டு மூணு மாசம் ஆன கன்றுக்கு அந்த வாதம் செல்லாது.

சித்தப்பா முதல் கன்றை ஒன்றரை வருஷம் வைத்திருந்தார். வியாபாரி வந்து பார்த்து "நூத்தியெம்பது கிலோ வரும்" என்றார். சித்தப்பா காம்பராவுக்குள் போய் சித்தியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 56 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரைக்கும் நீளம் 48 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300 ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் வரும். 56 தர 56 தர 48, வகுத்தல் 300. ஐந்நூற்று ரெண்டு இறாத்தல், கிட்டத்தட்ட 228 கிலோ. இது தராசு இல்லை, முன்னப்பின்ன இருக்கும். ஆனால் 48 கிலோ வித்தியாசம் வராது. வியாபாரி சிரித்துவிட்டு, "அண்ணே, நீங்க டெய்லரா?" என்று கேட்டாராம். பிறகு விலை ஏறியது. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்துச் சித்தப்பா ஒரு சினைக் கிடாரி வாங்கினார்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? ரெண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று நிலம். பட்டி நிற்பது தோட்டத்து நிலத்தில், புல் வெட்டுவது தோட்டத்து மலையில். துரை மாறினால் சட்டம் மாறும். ஒருத்தர் கண்டுகொள்ள மாட்டார், இன்னொருத்தர் வந்து பட்டியைக் கழற்றச் சொல்லுவார். பழைய தேயிலையைப் பிடுங்கி மறு நடுகை செய்கிற மலைகளில் மண் தேற ஒன்றரை, ரெண்டு வருஷம் கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு வைப்பார்கள். வெட்டிய புல்லை அந்த மண்ணுக்கே மூடாக்காகப் போடுவதுதான் முறை. அதில் ஒரு கட்டு வெட்டினால் திருட்டு என்று எழுதுகிற தோட்டமும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான கோ-3 புல் இன்றைக்கு இலங்கை முழுக்கப் பரவியிருக்கு, வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் நட ஒரு துண்டு நிலம் வேணுமே. புது வீட்டுத் திட்டத்தில் கிடைக்கிற ஏழு பேர்ச்சில் வீடு கட்டிய பிறகு மாட்டுக்கு இடம் எங்கே? இருநூறு வருஷமாக இந்த மலையில் இருக்கிற சமூகத்துக்கு ஒரு கன்றை ஒன்றரை வருஷம் கட்டி வைக்க உரிமையான பத்தடி நிலம் இல்லை. காளைக் கன்றை நாலு மாசத்தில் தள்ளிவிடுவது இரக்கக் குறைவால் மட்டும் நடப்பதில்லை.

மற்றக் காரணம் பேச்சு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசி, பொங்கல் ஊட்டுகிற வீட்டில் "இது இறைச்சிக்கு வளர்க்கிற கன்று" என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். பெரியம்மா இன்றைக்கும் லொறி வருகிற அன்றைக்குப் பட்டிப் பக்கம் போவதில்லை. அதே லயங்களில் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்துச் சாதி பார்த்த காலமும் இருந்தது, இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. இப்படியெல்லாம் மூடி வைத்த விஷயத்தில் விலை பேச முடியாது. "வளக்க கொண்டு போறாங்க" என்று நாமே சொல்லிவிட்டால் எத்தனை கிலோ, கிலோ எவ்வளவு என்று எந்த வாயால் கேட்பது? கேட்காத இடத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை.

அரசியலிலும் இதே மௌனம்தான். 1893 ஆம் ஆண்டு இறைச்சிக்கடைச் சட்டமும், 1958 ஆம் ஆண்டு 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் மாடு அறுப்பதை ஏற்கனவே கட்டுப்படுத்துகின்றன. 2020 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் யோசனைப்படி மாடு அறுப்பதை முற்றாகத் தடை செய்ய அமைச்சரவை இணங்கியது. சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்றார்கள். 2021 ஒக்டோபரில் அதுக்கான சட்டத் திருத்தங்களுக்கும் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அந்த நாட்களில் பேஸ்புக்கில் நடந்த சண்டையெல்லாம் மதத்தைப் பற்றியது. முஸ்லிம் வியாபாரிகளைத் திட்ட அது ஒரு சாட்டாக இருந்தது. கன்றை விற்கிற தோட்டத்துப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வீட்டுக் காளைக்கு அடுத்த 15 வருஷம் யார் புல் வெட்டுவது?

இந்தியாவில் இதுக்கு ஒரு பாடம் இருக்கு. அங்கே 2019 கால்நடைக் கணக்கெடுப்பில், 2012 ஐ விடப் பசுக்கள் 18 வீதம் கூடியிருந்தன, காளைகள் 30 வீதம் குறைந்திருந்தன. உழவுக்கு ட்ரக்டர் வந்தது ஒரு காரணம். ஆனால் பசு கன்று போட்டால் பாதிக்குப் பாதி காளை பிறக்கத்தான் செய்யும். தடைச் சட்டங்கள் இறுகிய மாநிலங்களிலும் காளைகள் பெருகவில்லை. அதே கணக்கெடுப்பில் தெருவில் திரிகிற மாடுகள் 50 லட்சம். அறுக்கக் கூடாது என்றால் வளர்ப்பார்கள் என்று அர்த்தமில்லை, அவிழ்த்து விடுவார்கள். கிடாரி மட்டும் பிறக்கும்படி பிரித்த விந்தும் இப்போது இருக்கு, பத்தில் ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். ஆனால் அது விலை கூட, சினை பிடிக்கிற வீதமும் சாதாரண ஊசியை விடக் குறைவு. அது எல்லா லயத்துக்கும் வருகிற வரைக்கும் காளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கும்.

மாட்டிறைச்சி நல்லதா கெட்டதா என்கிற வாதத்தில் நீங்கள் எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். சாப்பிடாதவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டியதில்லை, விற்க மனம் வராதவர்கள் விற்க வேண்டியதும் இல்லை. ஆனால் நம்ம வீடுகளிலிருந்து காளைக் கன்று லொறியில் ஏறுகிறது என்பது உண்மை. அது ஏறுகிற வரைக்கும் வயிறு நிறைய இருந்ததா, எத்தனை கிலோவில் ஏறியது, விற்ற காசு யார் கையில் விழுந்தது என்பவை நாம் கேட்கக்கூடிய கேள்விகள். ஒரு டிவிஷனில் பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் விற்றால், ஒரு தராசைக் கூலிக்கு எடுத்து வைத்தால், பேரம் வேற மாதிரி நடக்கும். தோட்டத்தில் தேயிலை இல்லாமல் காடாகக் கிடக்கிற மூலைகளைப் புல்லுக்குக் கேட்பதும் சங்கங்கள் பேசக்கூடிய விஷயம். சம்பளத்தைப் பேசுகிற மேசையில் இதையும் வைக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் மாடு இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இருப்பீர்கள். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக் கன்றின் நெஞ்சைச் சுற்றி அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாசம் ஒருக்கா அளந்தால் போதும். அளவு ஏறவில்லை என்றால் பால் போதவில்லை, இல்லாவிட்டால் புழு. அம்மாவோடு உட்கார்ந்து அந்த 140 லீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், திட்டு விழலாம், பரவாயில்லை. சித்தப்பாவுக்கும் முதலில் திட்டுத்தான் விழுந்தது. இப்போது மூணாவது கன்று பட்டியில் நிற்கிறது, பாலை எப்போது நிறுத்துவது என்று கொப்பியைப் பார்த்துச் சொல்வது சித்திதான்.